சம்பளப் பட்டியலைப் படம் எடுத்த சகோதரிக்கு

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். தனியார் கம்பனியொன்றின் கணக்குப் பகுதியில் 9 வருட வேலை. நான் வேலை பழக்கிவிட்ட பையன் என்னைவிட 35,000 ரூபாய் கூட எடுக்கிறான். சம்பளப் பட்டியலை ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளூராட்சி சபையில் பெண்களுக்கு 25 வீதம் என்கிறார்கள். எங்களுக்கு நியாயம் இல்லையா? இராஜினாமாச் செய்துவிட்டு அடிப்படை உரிமை மனுப் போடலாமா?

பதில்: போட்டால் நிற்காது. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் வேறுபாட்டைத் தடுக்கிறதுதான். ஆனால் 126இன் கீழ் உயர் நீதிமன்றம் பார்ப்பது அரசின் ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயல்களை. உங்கள் முதலாளி அரசாங்கம் இல்லை. 25 வீதம் சபை ஆசனத்துக்கு வந்த ஏற்பாடு. சம ஊதியம் பற்றிய ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழில் அமைப்பு) 100ஆம் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. அதைக் காட்டி ஒரு கம்பனிமேல் நேரே வழக்காட முடியாது. யார் யாருக்கு வேலை பழக்கினார்கள் என்ற கதையை விடுங்கள்.

எனக்குப் பயம் அந்தப் படத்தில்தான். கணக்குப் பகுதியில் இருப்பவர் மற்றவர் சம்பளத்தைப் படம் எடுத்தால் நம்பிக்கைத் துரோகம் என்று கம்பனியிடமிருந்து குற்றப்பத்திரம் வரும். அதன்பின் பேச்சு சம்பளத்தைப் பற்றியதாக இருக்காது, உங்கள் நடத்தையைப் பற்றியதாகிவிடும். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், சம்பள உயர்வு கேட்டு எழுதும் கடிதத்தில் அந்தப் பையனின் தொகையைக் குறிப்பிடாதீர்கள்.

அடுத்தது இராஜினாமா. என்னிடம் வந்த ஒருவர், எச்.ஆர். சொன்னபடி “சொந்தக் காரணங்களுக்காக” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை நீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போனார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தக் கடிதத்தை நீட்டி, “சத்தமாக வாசியுங்கள்” என்றார். வாசித்தார். வலிந்து விலக வைத்தார்கள் என்று அதற்குப் பிறகு எப்படி நிரூபிப்பது?

ஆகவே வேலையில் இருந்துகொண்டே பேசி முடியுங்கள். பொறுப்புகளையும் வருடங்களையும் எழுதிச் சம்பள மீளாய்வு கேளுங்கள். பயணக் கொடுப்பனவு, ஃபோன் கொடுப்பனவு என்று சமாளிக்கப் பார்ப்பார்கள். அடிப்படைச் சம்பளத்தில் கூட்டச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில் வருடத்துக்கு அரை மாதம். அந்த 35,000 அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால் 9 வருடத்துக்கு 157,500 ரூபாய் கூட வரும். அவர்கள் பாதிக்கு இறங்கினாலும் வாங்குங்கள். வழக்கில் அதுவும் கிடைக்காது.

விலகத்தான் வேண்டுமென்றால் அவர்கள் தரும் தொகை எழுத்தில் வந்தபின் விலகுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாள் நீட்டப்பட்டால், கையெழுத்து வைக்க முன் என்னிடம் கொண்டுவாருங்கள்.