வாசகர் கேள்வி பதில்: கொலைகாரனை காட்டிக்கொடுக்கற காஸ்டிங்

கேள்வி: எந்த த்ரில்லர் பாத்தாலும் இண்டர்வெல்லுக்கு முன்னாடியே கொலைகாரன் யாருன்னு எனக்கு தெரிஞ்சிடுது. கதை எழுதறவங்க சோம்பேறி ஆயிட்டாங்களா?

பதில்: பல நேரம் எழுதினவர் மேல தப்பே இருக்காது, காட்டிக்கொடுக்கறது காஸ்டிங் தான். நல்லா பேர் வாங்கின நடிகர் ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரரா வந்து ரெண்டே டயலாக் பேசிட்டு போறார்னா, இவ்ளோ பெரிய ஆளை இதுக்கா கூப்ட்டிருப்பாங்கன்னு மனசு கணக்கு போட ஆரம்பிச்சிடும், அப்புறம் டைரக்டர் யார் மேல சந்தேகத்தை திருப்பினாலும் நீங்க அசையமாட்டீங்க. 1995ல வந்த ‘செவன்’ல இதுக்காகவே கொலைகாரனா நடிச்ச கெவின் ஸ்பேசி பேரை ஆரம்ப டைட்டில்ல போடல. ஹிட்ச்காக் வேற வழி புடிச்சார். 1960ல வந்த ‘சைக்கோ’ல ஜேனட் லீ தான் கதாநாயகின்னு நம்பி உக்காந்தா பாதி படம் தாண்டறதுக்குள்ள அவங்க கேரக்டர் செத்துடும், அதனால படம் ஆரம்பிச்சப்புறம் யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு தியேட்டர்களுக்கு கண்டிஷனே போட்டார். இதுக்கெல்லாம் முன்னாடி, 1954லயே, எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை சிவாஜி சுடப்பட்டு சாகறதுல தான் ஆரம்பிச்சார், பாட்டு ஒண்ணுகூட கிடையாது! ஸ்டாரை எடுத்த உடனே பொணமா காட்ட எவ்ளோ தைரியம் வேணும், எனக்கு இன்னிக்கும் பிரமிப்பு தான். (மிச்சத்தை சொல்லமாட்டேன், பாக்காதவங்க பாத்துடுங்க.)

கேள்வி: ‘சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ல ஆன்டனி ஹாப்கின்ஸ் வர்றதே அரை மணி நேரத்துக்கும் கம்மி தான். அதுக்கு எப்படி பெஸ்ட் ஆக்டர் ஆஸ்கர்?

பதில்: கண்ணாடி அறைக்குள்ள அடைச்சு வச்ச கொலைகாரன் தான் ஹாப்கின்ஸ். அவர் வர்றதுக்கு முன்னாடியே, பாக்கப் போற பொண்ணுகிட்ட, கண்ணாடி கிட்ட போகாதே, உன்னைப் பத்தி எதுவும் சொல்லாதேன்னு ஆளாளுக்கு எச்சரிக்கை பண்ணி பயத்தை கட்டி வச்சிடறாங்க. டைரக்டர் ஜோனதன் டெமி பல இடத்துல நடிகர்களை நேரா லென்ஸைப் பாத்து பேச வச்சார், அதனால ஹாப்கின்ஸ் நம்மகிட்டயே பேசற மாதிரி இருக்கும். ஆனா பாதி பெருமை அந்த பொண்ணா நடிச்ச ஜோடி ஃபாஸ்டருக்கு போகணும், பயத்தை அடக்கிக்கிட்டு அவங்க கேக்கற அந்த முகம் இல்லன்னா அவர் பேச்சு இவ்ளோ உறைக்காது. அவங்களுக்கும் ஆஸ்கர் கிடைச்சுது, அதை யாரும் பேசறதில்ல.

கேள்வி: டிராமா, த்ரில்லர், ரெண்டுல எதை எடுக்கறது கஷ்டம்?

பதில்: டிராமால சரியான நடிகர் அமைஞ்சிட்டா கேமராவை அவங்க முகத்துல வச்சிட்டு காத்திருக்கலாம், சீன் தன்னால வளரும். த்ரில்லர்ல அந்த சுதந்திரம் கிடையாது. ஷூட்டிங் கதை வரிசையில நடக்காது, கிளைமாக்ஸை முதல் வாரமே எடுத்திருப்பாங்க, அதனால இந்த சீன்ல என் கேரக்டருக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு நடிகர் ஒவ்வொரு நாளும் நினைவு வச்சுக்கணும். அப்புறம் எடிட்டிங். ஒரு பார்வையை ஒரு செகண்ட் கூட விட்டா ரகசியம் வெளிய வந்துடும், சீக்கிரம் வெட்டினா ஏமாத்திட்டாங்கன்னு ஆடியன்ஸ் கோபப்படுவாங்க, எடிட்டரோ அதே சீனை திரும்பத் திரும்ப பாத்து பாத்து அதிர்ச்சியே இல்லாத நிலைக்கு வந்திருப்பார், அதான் கதை தெரியாத ஆளுங்களுக்கு போட்டுக் காட்டறாங்க. மியூசிக்கும் அப்படித்தான், ‘சைக்கோ’ குளியலறை கொலைக்கு மியூசிக்கே வேணாம்னு தான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார், பெர்னார்ட் ஹெர்மன் அந்த வயலின் கீறலை போட்டுக் காட்டினதும் மனசு மாறிட்டார்.

கேள்வி: ரிலீஸ்ல ஓடாத படத்தை பின்னாடி கொண்டாடறாங்களே, எப்படி?

பதில்: ‘ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்’ 1994ல தியேட்டர்ல போட்ட காசே வரல, 7 ஆஸ்கர் நாமினேஷன், ஒண்ணுகூட கைக்கு வரல. வீடியோ கேசட்டும் டிவியும் தான் அதை ஜனங்ககிட்ட கொண்டுபோய் சேர்த்துது. டிராமாக்கு இந்த ரெண்டாவது வாழ்க்கை சுலபமா கிடைக்கும், முடிவு தெரிஞ்சும் திரும்ப பாப்பாங்க. த்ரில்லருக்கு அப்படி கிடைக்கணும்னா முடிச்சு அவிழ்ந்தப்புறமும் பாக்கறதுக்கு அதுல மனுஷங்க இருக்கணும்.