குடிபூரலுக்கு முன் ஓக் நிலம்

தம்பி, உமது கேள்வி கிடைத்தது. கனடாவில், ஸ்காபரோவில் நீர் வாங்கிய பழைய பங்களாவில் கார்ப்பெட்டைக் கிளப்பினால் கீழே ஓக் பலகை. பூச்சு தேய்ந்து, ஜன்னலடியில் கறுத்துப் போய்க் கிடக்கிறது. எந்த வார்னிஷ் அடிப்பது, ஆளை வைத்துச் செய்வதா நாமே செய்வதா, திருகோணமலை உவர்மலையிலிருந்து அம்மா பார்த்துச் சொன்ன குடிபூரல் நாளுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அதற்குள் முடியுமா என்று கேட்டிருந்தீர்.

முடியும். எண்ணெய் வார்னிஷை மறந்துவிட வேண்டும். குடிபூரலன்று ஹோலில் பெரிய கம்பளம் விரிக்கும் யோசனையையும் ஒத்திப்போட வேண்டும்.

நான் இப்போது ஊரில், உப்புவெளியில்தான் நிற்கிறேன். எங்கள் வீட்டு முதிரைக் கதவுகளுக்குப் பொலிஷ் அடிக்க வந்த ஓடாவியாரிடம் உமது கதையைச் சொன்னேன். "பிரெஞ்சுப் பொலிஷ் அடிக்கச் சொல்லுங்கோ, அதுக்கு மிஞ்சின மினுக்கம் இல்லை" என்றார். கதவுக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கும் பூச்சு. நிலத்தில் அடித்தால் தண்ணீர் நின்ற இடமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். நடக்கிற இடத்துக்குத் தாங்காது.

கடைக்குப் போக முதல் பலகையைப் பாரும். சூடான காற்று வருகிற நிலத்துத் துவாரத்தின் மூடியைக் கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே ஓக் மரமாக 19 மில்லிமீற்றர் அளவுக்கு இருந்தால் நல்ல காலம், அதை இன்னும் சில தடவை தேய்க்கலாம். மேலே மெல்லிய தோல் மாதிரி ஓக், கீழே ஒட்டுப்பலகை என்றால் தேய்க்கிற பெரிய மெஷின் பக்கமே போக வேண்டாம். அப்புறம், ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் மினரல் ஸ்பிரிட் (பெயின்ற் கரைக்கும் திரவம்) நனைத்துத் தேய்த்துப் பாரும். துணியில் மஞ்சளும் பழுப்புமாக மெழுகு ஏறினால், பழைய பூச்சின் மேல் எதையும் நேரே அடிக்க முடியாது. மெழுகின் மேல் பொலியூரிதேன் வார்னிஷ் பிடிக்காது.

ஜன்னலடிக் கறுப்பு அழுக்கு இல்லை. ஓக் மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். தேய்த்துப் போகாவிட்டால் ஒக்ஸாலிக் அமிலக் கரைசல் பெரும்பாலும் எடுத்துவிடும். கையுறை போட்டுச் செய்து, நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். இன்னொன்று: கார்ப்பெட்டுக்கும் பலகைக்கும் இடையில் பழைய டைல்ஸோ கறுப்புப் பசையோ இருந்தால் கை வைக்காதேயும். அந்தக் காலத்தில் அவற்றில் அஸ்பெஸ்டஸ் கலந்தார்கள். 1960க்கு முந்திய வீடென்றால் பழைய பெயின்ற்றில் ஈயமும் இருக்கலாம். சோதித்துப் பார்த்த பிறகுதான் தேய்க்கிற கதை.

சரி, பூச்சுக்கு வருவோம். எண்ணெய் அடிப்படையிலான பொலியூரிதேன் மலிவு, அடிக்கச் சுலபம், ஓக்குக்குத் தேன் நிறம் கொடுக்கும். அந்த நிறம் வருடம் போகப் போக மஞ்சளாகிக்கொண்டே போகும். ஒரு கோட் காய ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். நாற்றமோ சொல்லி வேலையில்லை. கார்த்திகையில் அங்கே ஜன்னலைத் திறந்து வைக்கவும் முடியாது. அதன் ஆவி தீப்பிடிக்கக் கூடியது, பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் காஸ் உலை எரியும் வீட்டில் அதை யோசிக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு ஒரு சாதி இருக்கிறது, ஒஸ்மோ மாதிரி. பார்க்கப் பார்க்க அழகு, மரத்தைத் தொடுகிற மாதிரியே இருக்கும், கீறல் விழுந்த இடத்தை மட்டும் தனியாகச் சரிசெய்யலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது அதுதான். ஆனால் மஞ்சளும் கறித்தூளும் தினமும் பறக்கும் நம் குசினிக்குப் பக்கத்தில் அது அதிக கவனம் கேட்கும். பூசிய எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்து, விரித்துத்தான் காயவிட வேண்டும்.

உமக்கு நான் சொல்வது தண்ணீர் அடிப்படையிலான பொலியூரிதேன், அதிலும் பூச்சை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கடைசி நேரத்தில் கலந்து அடிக்கும் வகை. போனா நிறுவனத்தின் ட்ராஃபிக் அப்படிப்பட்டது. விலை கூட. ஆனாலும் கோட்டுக்குக் கோட் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் காய்கிறது, நாற்றம் குறைவு, மஞ்சளாகாது, தேய்மானம் நன்றாகத் தாங்கும். கலந்த பிறகு சில மணித்தியாலம்தான் பாவிக்கலாம், ஆகவே தேவையான அளவை மட்டும் கலவும். மினுக்கம் என்று கேட்டால் சட்டின், அதாவது மிதமான மினுக்கம், எடும். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேண்டும் என்று அம்மா சொல்வா. பளபளப்பில் ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு தூசியும் எழுந்து நிற்கும்.

தேய்ப்பதற்கு மட்டும் ஆளைப் பிடியும். நிலம் தேய்க்கும் டிரம் மெஷினை ஹோம் டிப்போ கடையில் வாடகைக்கு எடுக்கலாம்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் ஒரே இடத்தில் நின்றால் நிலத்தில் பள்ளம் விழும், அதை எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. 40 ஆம் இலக்கத் தேய்ப்புத் தாளில் தொடங்கி 60, 80, 100 என்று ஏற வேண்டும். அவசரத்தில் நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்திய தாளின் கோடுகள் பூச்சுக்குக் கீழே தெளிவாகத் தெரியும். காசு வாங்குபவரிடம் இதைத்தான் கேளும்: எத்தனை தாள், ஓரங்களுக்கு என்ன மெஷின், தூசியை எங்கே கொட்டுவார். மெஷின் பையில் நிறைந்த மரத்தூளை இரவு வீட்டுக்குள் விட்டு வைக்கவே கூடாது, அதுவும் சூடேறித் தீப்பிடிக்கும்.

பூசுவதை நீரே செய்யலாம். வாக்யூம் இழுத்து, லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடையும். ஸ்டீல் வூல் பக்கம் போக வேண்டாம், அதன் இரும்புத் துகள் தண்ணீர்ப் பூச்சில் துருப்பிடிக்கும். டப்பாவைக் குலுக்காமல் கிண்டும், குலுக்கினால் குமிழி. வீடு 18 முதல் 24 பாகை செல்சியஸில் இருக்கட்டும். பூசுகிற நேரத்தில் மட்டும் காற்று ஊதும் ஹீற்றரை நிறுத்தி வையும், அது தூசியையும் கிளப்பும், விளிம்பையும் சீக்கிரம் காயவைக்கும். தூரத்துச் சுவரில் தொடங்கி, பலகையின் நீளப்பாட்டில் இழுத்து, வாசலில் வந்து முடியும். காய்ந்த விளிம்பைத் திரும்பத் தொட வேண்டாம். முதல் கோட்டில் மரத்தின் மயிர் எழும்பிச் சொரசொரக்கும், பயப்பட வேண்டாம். 220 ஆம் இலக்கத் தாளால் லேசாகத் தடவித் துடைத்துவிட்டு அடுத்ததை அடியும். மூன்று கோட் போதும், வாசலடிக்கு நான்கு.

கணக்குப் பார்த்தால், முதல் வாரம் சோதனைக்கும் தேய்ப்புக்கும், அடுத்த இரண்டு நாள் பூச்சுக்கும் சரியாகும். ஒரு நாள் கழித்துச் சப்பாத்தில்லாமல் காலுறையோடு நடக்கலாம். மூன்று நான்கு நாள் கழித்துக் கட்டிலையும் சோபாவையும் தூக்கி வைக்கலாம், இழுக்காமல், கால்களுக்குக் கீழே ஃபெல்ட் ஒட்டி. கம்பளம் இரண்டு வாரத்துக்குப் பிறகுதான். மேலே காய்ந்தாலும் உள்ளே இறுகிக்கொண்டிருக்கும் பூச்சு, மூடினால் மூச்சடைத்து நிறம் மாறும். ரப்பர் அடியுள்ள மிதியடி எந்தக் காலத்திலும் வேண்டாம்.

குடிபூரலன்று குத்துவிளக்கின் எண்ணெய், நிறைகுடத்துக்குக் கீழே ஈர வாழையிலை, மஞ்சள் தண்ணீர் தெளிப்பு, கற்பூரம் எல்லாமே புதுப்பூச்சுக்கு ஆகாதவை. ஒரு பெரிய ஒட்டுப்பலகையில் துணி விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் வையும். ஐயர் ஓமம் வளர்ப்பதாக இருந்தால் செங்கலுக்குக் கீழேயும் அதே ஏற்பாடு. மஞ்சள் பட்டால் உடனே துடையும். மிஞ்சிய கறையை வெயில் மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

பிறகு வீட்டுப் பழக்கம். நாம் ஊரில் சீமெந்து நிலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சிவப்புப் பொலிஷ் தேய்த்து வளர்ந்தவர்கள். அம்மா அங்கே வந்தால் கை சும்மா இராது. அந்தப் பொலிஷ் மெழுகு. ஒருமுறை தேய்த்தாலே பிறகு மேல்பூச்சு அடிக்க வழியில்லை. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான், அது காயவே காயாத எண்ணெய். பிழிந்த துணியால் துடைப்பதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பனி கரையத் தெருவில் தூவும் உப்பு சப்பாத்தில் வரும், அதை மட்டும் வாசலிலேயே நிறுத்தும்.

இங்கே கச்சான் காற்று அடிக்கும்போது காய்ந்து தளரும் கதவு, மாரியில் ஊறிச் சிக்கும். அங்கே அதை ஹீற்றர் செய்கிறது, மாசிப் பனியில் பலகைகளுக்கிடையில் கோடு கோடாக இடைவெளி விழும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி, 35 முதல் 55 வீதத்துக்குள் வைத்திருக்கப் பாரும். அப்படியும் விழுந்தால் மரப் புட்டி போட்டு நிரப்ப வேண்டாம், ஆடியில் பலகை விரியும்போது அது நொறுங்கி வெளியே வந்துவிடும்.