தெருவோர ஹெரால்டும் வின்டேஜ் நம்பரும்

கேள்வி: அப்பா வாங்கிய 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் தெருவோரமாக நிற்கிறது. உள்ளே நிறுத்த இடமில்லை. போன வாரம் கண்ணாடியில் ‘கைவிடப்பட்ட வாகனம், அகற்றவும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். மிகப் பழைய வண்டிகளுக்கென்று இருக்கும் வின்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்கிறார் நண்பர். வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வின்டேஜ் பதிவுக்கும் பார்க்கிங்குக்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் வண்டியைத் தூக்க அதிகாரம் தருவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127-ஆம் பிரிவு. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விட்ட வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியையும், அந்த எல்லைக்குரிய சீருடைக் காவல் அதிகாரி சொன்னால் இழுத்துப் போகலாம். சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் 10 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இழுத்த செலவு உரிமையாளர் தலையில், அபராதம் தனி. வண்டி 1969 மாடலா, போன மாதம் வாங்கியதா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. உங்கள் வீட்டு வாசல்தான் என்றாலும் தெரு பொது இடம்தான்.

எழுத்துப்படி பார்த்தால், ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் விட்டுக் காலையில் எடுக்கும் எல்லாருமே மாட்டுவார்கள். நடைமுறையில் மாட்டுவது செத்துப்போன மாதிரி தெரியும் வண்டிதான். காற்றிறங்கிய டயர், வைப்பர் இடுக்கில் மக்கிய வேப்பிலை, அடியில் குடித்தனம் நடத்தும் நாய்: ஸ்டிக்கர் ஒட்ட வருபவருக்கு இவ்வளவு போதும். நம்பர் பிளேட்டை மூடும் கவர் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே முதல் வேலை, டயருக்குக் காற்றடித்து, வண்டியைக் கழுவி, வாரம் ஒருமுறையாவது ஓட்டுவது. கவர் போட்டே ஆக வேண்டுமென்றால் நம்பரையும் உங்கள் போன் எண்ணையும் மேலே தெரியும்படி எழுதி வையுங்கள். ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களோடு வார்டு அலுவலகத்துக்குப் போய், வண்டி ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நடைபாதையிலோ, தெருமுனையிலோ, அடுத்த வீட்டு கேட்டை மறித்தோ நிற்கிறதென்றால் இந்தக் கடிதம் எதுவும் உதவாது. முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள்.

இனி நண்பர் சொன்ன யோசனை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதிகள் வந்தன. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான கார், பைக்குகளுக்கு அவை. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000, பதிவு 10 ஆண்டு செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசை எண். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய மெட்ராஸ் நம்பரையே வைத்துக்கொள்ளலாம். சேஸி (அடிச்சட்டம்), பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வேறு இன்ஜின் ஏற்றிய ஹெரால்டு என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. வாரம் ஒருமுறை ஓட்டச் சொன்னேனே, அதற்கே இது இடைஞ்சல். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பீச்சுக்குப் போக நினைப்பவருக்குச் சாதாரண ஆர்.சி.யே மேல். 15 ஆண்டு முடிந்த பிறகு 5 ஆண்டுக்கொரு முறை ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். 15 ஆண்டு ஆன பெட்ரோல் காருக்குத் தடை என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அது டெல்லி வட்டாரத்துக் கதை.

இன்சூரன்ஸ் விட்டுப்போயிருந்தால் இன்றே எடுங்கள். ‘ஓட்டவே இல்லையே, பயன்பாட்டிலேயே இல்லையே’ என்ற வாதம் எடுபடாது. விபத்துக்குப் பின் கவிழ்ந்து அசையாமல் கிடந்த டேங்கர் லாரியும் ‘பயன்பாட்டில்’ இருந்ததாகவே 1991-இல் உச்ச நீதிமன்றம் பொருள்கொண்டது. இன்சூரன்ஸ் இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் அபராதம் ரூ.2,000.

டோயிங் வண்டியே வந்து நின்றுவிட்டால் சட்டம் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். சாவியோடு ஓடிப்போய், நீங்களே எடுத்துவிடுவதாகக் கேட்டுப் பாருங்கள். தூக்குவது உறுதி என்றால், தளத்தில் ஏற்றிப் போகும் வண்டியைக் கேளுங்கள். ஹெரால்டில் இன்ஜின் சுழற்றுவது பின்சக்கரத்தை, ஹேண்ட்பிரேக்கும் பின்சக்கரத்தில்தான். முன்பக்கத்தைத் தூக்கி ஹேண்ட்பிரேக்கோடு இழுத்தால் பின் டயர் தேய்ந்து, ஆக்சிலும் அடிபடும். பிரேக்கை விடுவித்து நியூட்ரலில் போட்டுக் கொடுங்கள். கொக்கியை பம்பரில் மாட்ட விடாதீர்கள், சேஸியில் மாட்டச் சொல்லுங்கள். கிளம்பும் முன் நாலு பக்கமும் போனில் படமெடுத்து, வண்டி எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.