எம்ஜிபி வைப்பர் ஸ்லோவா ஓடுதா? மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி ட்யூபைப் பாருங்க

எம்ஜிபிங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் வச்சிருக்கேன். வைப்பர் ரெண்டு ஸ்பீடுலயும் இழுத்து இழுத்துதான் ஓடுது, மழை வலுத்தா பாதி கண்ணாடியிலயே நின்னுடுது. புது மோட்டார் வாங்கிடவா?"

இப்போதைக்கு வாங்காதீங்க. உங்க கார்ல இருக்கறது லூகாஸ் 14டபிள்யூ, நல்ல கெட்டியான மோட்டார், அது அவ்வளவு சீக்கிரம் சாகாது. அது வைப்பரை நேரா சுத்தறதில்ல, ஸ்பிரிங் மாதிரி கம்பி சுத்தின ஒரு ரேக் கேபிளை இரும்பு ட்யூபுக்குள்ள முன்னும் பின்னும் தள்ளி இழுக்குது, அந்தக் கேபிள்தான் வீல்பாக்ஸ்ல, அதாவது ஒவ்வொரு வைப்பருக்கும் அடியில இருக்கற சின்னப் பெட்டில, இருக்கற பல்சக்கரத்தைத் திருப்புது. பேக்டரில வச்ச கிரீஸ் அம்பது வருஷத்துல அந்த ட்யூபுக்குள்ள காஞ்ச கருப்பட்டி மாதிரி இறுகிப் போயிருக்கும், மோட்டார் பாவம் அதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு.

முதல்ல பியூஸ் பாக்ஸ்ல பச்சை ஒயர் போற பியூஸைக் கழட்டி கிளிப்பை நல்லா தேய்ச்சு விடுங்க, கருப்பு எர்த் ஒயரோட முனையையும் சுத்தம் பண்ணுங்க, சில கார்ல இதுலயே பாதி வேகம் திரும்பிடும். சரியாகலைன்னா பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு, வைப்பர் ஆர்ம் நிக்கற இடத்தை கண்ணாடில டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்கிட்டு ஆர்மை எடுத்துடுங்க. ஆர்மை எடுக்காம கேபிளை இழுக்கக் கூடாது, ஏன்னா இழுக்க இழுக்க ஆர்மைத் தாங்கற தண்டு (ஸ்பிண்டில்) சுத்தும், ஆர்ம் போய் பெயின்ட்ல அடிக்கும். அப்புறம் மோட்டார் பக்கம் ட்யூபோட பெரிய நட்டை லூஸ் பண்ணி, மோட்டாரோட போல்டைக் கழட்டி, மோட்டாரையும் கேபிளையும் சேர்த்தே வெளிய இழுங்க. கேபிள் ட்யூபுக்குள்ள நகர 2.7 கிலோ இழுப்புக்கு மேல தேவைப்படக் கூடாதுன்னு ஒர்க்‌ஷாப் மேனுவல்லயே இருக்கு. மீன் எடை போடற ஸ்பிரிங் தராசு போதும், கொக்கியை மாட்டி இழுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்.

கேபிளை மண்ணெண்ணெயில ஊறப் போட்டு பழைய பிரஷ்ஷால தேய்ங்க, ட்யூபுக்குள்ள துணி கட்டின கம்பியை விட்டு பழைய கிரீஸ் முழுக்க வர்ற வரைக்கும் இழுங்க. புதுசா லித்தியம் கிரீஸ் பூசுங்க. தயவுசெஞ்சு ஸ்ப்ரே ஆயிலை மட்டும் அடிச்சு விட்டுடாதீங்க, ரெண்டு மாசத்துல மறுபடி இதே கதைதான். மாட்டும்போது கேபிளை அரைச் சுத்து திருப்பி மாட்டினா தேயாத பக்கம் பல்லுக்கு வரும். வீல்பாக்ஸ் சக்கரமும் முழுசா சுத்தறதில்ல, ஒரு பக்கப் பல்லுதான் தேயும், அதையும் அரைச் சுத்து திருப்பி வச்சா புதுசு வாங்கற செலவு மிச்சம்.

ட்யூப்ல பூட்டறதுக்கு முன்னாடி, கேபிள் மாட்டாம மோட்டாரை ஒரு நிமிஷம் தனியா ஓட விட்டு கரண்ட் பாருங்க. ஸ்லோ ஸ்பீடுல சுமார் 1.5 ஆம்பியர், பாஸ்ட்ல 2 ஆம்பியர், இதுக்குள்ள இருந்தா மோட்டார் நல்லா இருக்குன்னு அர்த்தம். தாண்டினா மட்டும் திறங்க. உள்ள சுத்தற பாகத்துக்கு கரண்ட் கொடுக்கற கார்பன் பிரஷ் 4.8 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சிருந்தா மாத்திடுங்க. ஸ்லோ நல்லா ஓடி பாஸ்ட் மட்டும் வரலைன்னா பாஸ்ட் ஸ்பீடுக்குன்னே இருக்கற மூணாவது பிரஷ்ஷைப் பாருங்க. திறக்கும்போது மேல் கூட்டுலயும் கியர்பாக்ஸ்லயும் இருக்கற அடையாளத்தை நல்லா கவனிச்சுக்கோங்க, கூட்டுக்குள்ள இருக்கறது நிரந்தரக் காந்தம், கூட்டை மாத்தி மாட்டினா மோட்டார் எதிர்த் திசைல சுத்தும்.