மூலிகைச் செயலியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோலாலம்பூரில் கணினித்துறை படிக்கிறோம். பகாங்கில் ஒரு பூர்வக்குடிக் கம்பத்தின் (கிராமத்தின்) மூலிகை அறிவைப் படங்களோடு செயலியாக்கப் போகிறோம். வடிவமைப்பு தயார். கம்பத்துக்குப் போனதும் முதலில் என்ன செய்யலாம்?
– மாணவி, செந்தூல்

பதில்: தங்கச்சி, அந்த வடிவமைப்பை முதலில் ஓரமாக வையுங்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களை இன்னும் பார்க்கவே இல்லையே! ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் பாருங்கள், பெரியவர்களோடு உட்காருங்கள், எதைப் பதிவு செய்யலாம், எதை வெளியே காட்டக்கூடாது என்று அவர்களே சொல்லட்டும்.

சரவாக்கின் லோங் லாமாய் கிராமத்துப் பெனான் பூர்வக்குடி மக்கள் இதில் நமக்கு வழிகாட்டிகள். தங்களைத் தேடி வரும் ஆராய்ச்சியாளர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நெறிமுறையை யுனிமாஸ் (மலேசிய சரவாக் பல்கலைக்கழக) ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே மூலிகைகளைப் பதிவு செய்ததும் அந்த ஊர் இளையோர்தாம், பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு. அப்புறம் 'ஓரோ' என்று ஒன்று இருக்கிறது: காட்டில் முன்னே போகிறவர் குச்சியை நட்டு, இலையைச் செருகி, பின்னால் வருபவருக்குச் செய்தி விட்டுப் போவார், குச்சி சாய்ந்திருக்கும் பக்கம்கூட அதில் ஒரு சொல். அதைப் பிள்ளைகளுக்காகப் பலகைக் கணினி விளையாட்டாகவும் செய்தார்கள். ஆனால் அந்தக் குச்சியைக் காட்டில் நடக்கும்போதுதான் சரியாகப் படிக்க முடியும், அதனால் உங்கள் செயலியும் பிள்ளைகளைத் தாத்தாவோடு காட்டுக்குள் அனுப்ப வேண்டும், திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிடக்கூடாது.

நமீபியாவில் ஆய்வாளர்கள் ஹெரேரோ மக்களோடு சேர்ந்து அவர்கள் ஊரைக் கணினியில் முப்பரிமாணக் காட்சியாகச் செய்தபோதும் இதே கதைதான். அவர்கள் வீட்டு வளாகத்தில் புனித நெருப்பு பெரிய வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவில் இருக்க வேண்டும். நகரத்தில் உட்கார்ந்து வரைகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்று, இது முக்கியம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள், இந்தியா போராடி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. நம் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயத்துக்கே அந்த நிலைமை என்றால், கம்பத்து மூலிகையைப் பொது இணையத்தில் போட்டால் என்ன ஆகும்? மலேசியாவில் 2017-ஆம் ஆண்டு உயிரியல் வளச் சட்டமும் அந்தச் சமூகத்தின் சம்மதத்தைக் கேட்கிறது.

மூலப் பதிவுகள் கம்பத்திலேயே இருக்கட்டும், இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும்படி செய்யுங்கள். உங்கள் படிப்பு முடிந்த பிறகு செயலியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.