நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பூச்சிமருந்தைப் பூனைக்கும் போடலாமா?

கூடாது. ஒரு சொட்டுகூட வேண்டாம்.

செவ்வந்தி இனப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரின் நல்ல பூச்சிக்கொல்லிதான், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதன் சாயலில், வெயிலைத் தாங்கும்படி இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் உருவாக்கி, 1973-இல் அறிவித்ததுதான் பெர்மெத்ரின். பூச்சியின் நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை இது மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி சாகும்.

பயிர், கொசுவலை, ராணுவச் சீருடை என்று எங்கும் பயன்படுகிறது. சிரங்குக்கு 5% களிம்பை உடம்பில் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் கழுவச் சொல்வார்கள். நம் தோல் வழியே கொஞ்சம்தான் உள்ளே போகும். போனதையும் கல்லீரல் உடைத்துவிடும்.

பூனைக்கு அங்கேதான் சிக்கல். இதை வெளியேற்ற உதவும் குளுக்குரோனைடு சேர்க்கை, அதாவது நஞ்சோடு சர்க்கரை போன்ற ஒரு பொருளை இணைத்து நீரில் கரைந்து வெளியேற வைக்கும் வேலை, அதன் கல்லீரலில் ரொம்ப மந்தம். நாய்களுக்கான சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் 40 சதவீதத்தைத் தாண்டும். பூனை மேல் பட்டால் காதும் முகமும் துடிக்கும், அப்புறம் நடுக்கம், வலிப்பு. மருந்து போட்ட நாயை நக்கினாலும் ஆபத்துதான். பட்டது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மீனுக்கும் தேனீக்கும்கூட இது கடும் நஞ்சு. மீன்தொட்டி உள்ள அறையில் தெளிக்காதீர்கள்.