தாத்தாவின் சவரக் கத்தி: பசையை எடுக்கும் முன் மோந்து பாருங்கள்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தாவின் மடக்குச் சவரக் கத்தி கிடைத்திருக்கிறது. அலகில் சோலிங்கன் என்று ஜெர்மன் ஊர்ப் பெயர் பொறித்திருக்கிறது. கறுப்புப் பிடியில், அலகு திரும்பும் ஆணியை ஒட்டி ஒரு விரிசல். ஃபெவிக்விக் விட்டால் போதுமா?"

விட்டால் ஒட்டும். கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்பவும் விடும். அந்த இடத்தில் பிடி வெடித்தால் பெரும்பாலும் ஆணிதான் காரணம். அலகு ஆடுகிறதே என்று யாரோ எப்போதோ ஆணித் தலையை ஓங்கித் தட்டியிருப்பார்கள். பித்தளை மெத்தென்ற உலோகம்; தட்டத் தட்டத் துளைக்குள்ளேயே பருத்து, பிடியை உள்ளிருந்து பிளக்கும். நானும் ஒரு கத்தியை இப்படிக் கெடுத்திருக்கிறேன். இன்னும் ரெண்டு தட்டு என்று நினைத்தேன், முதல் தட்டிலேயே டிக் என்றது.

அதனால் ஆணியைக் கழற்றாமல் பசை வேண்டாம். அதற்கும் முன்னால், பிடி எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். கட்டைவிரலால் பிடியைச் சூடு ஏறும் வரை அழுத்தித் தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக் அது. கந்தக வாடை என்றால் எபோனைட், அதாவது கெட்டி ரப்பர். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் பழுப்பாக ஒளி ஊடுருவி, நார் ஓடுவது தெரிந்தால் எருமைக் கொம்பு. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும்.

செல்லுலாய்டாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பிடி மூடும் பகுதியில் மட்டும் அலகு துருப்பிடித்து, ஆணியைச் சுற்றிப் பச்சை பூத்து, பிடி முழுக்க மயிரிழை வெடிப்பாக, புளிப்பு நெடி அடிக்கிறதா? பிடி அழுகுகிறது என்று அர்த்தம். அதிலிருந்து வரும் அமில ஆவி அலகைத் தின்னும். அதை ஒட்டிப் பயனில்லை. கழற்றிவிட்டு, தோதகத்தி மரத்தில் மூன்று மில்லி கனத்துக்குப் புதுப்பிடி போடுங்கள். பழையதை மற்ற கத்திகளோடு வைக்காதீர்கள்.

நல்ல நிலையில் இருக்கிறதா? சரி, வேலைக்கு வருவோம். முதலில் அலகின் கூரில் டேப் சுற்றுங்கள். பழைய விசிட்டிங் கார்டில் ஓட்டை போட்டு ஆணித் தலைக்கு மேல் மாட்டிவிட்டால் அரம் பிடியில் படாது. ஒரு பக்கத் தலையை மட்டும் வாஷர் மட்டத்துக்கு ராவி, துளையிட்ட மரக்கட்டை மேல் வைத்து, ஆணியைவிட மெல்லிய கம்பியால் மெதுவாகத் தட்டினால் கழன்றுவிடும். வால் பக்க ஆணி, அதாவது பிடியின் மறுமுனையில் இருப்பது, இறுக்கமாக இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

கொம்பு என்றால், விரிசலில் ஊறிய பழைய எண்ணெயை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. பிடியை லேசாக வளைத்தால் விரிசல் வாய் திறக்கும். உள்பக்கமிருந்து, குண்டூசி முனையில் ஒரு சொட்டு ஃபெவிக்விக். தண்ணீராக ஓடும் பசை விரிசலுக்குள் தானே கோடாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். துணி கிளிப்பில் ரப்பர் துண்டு வைத்துப் பிடித்து, ஒரு நாள் தொடாதீர்கள். எபோனைட்டுக்கும் இதே முறைதான். ஆனால் ஸ்பிரிட்டுக்குப் பதில் சோப்புத் தண்ணீர், அதுவும் வெந்நீர் வேண்டாம், நிறம் போய்விடும்.

செல்லுலாய்டுக்குப் பசையே தேவையில்லை. பல்குச்சியில் அசிட்டோன் தொட்டு விரிசலில் வைத்தால், இரண்டு விளிம்பும் இளகி ஒன்றோடொன்று கலந்துவிடும். கிளிப் போட்டு ஒரு வாரம் விடுங்கள். ஒரு சொட்டு அதிகமானாலும் மேல்பரப்பு கலங்கிப் போகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கினால் அசிட்டோன் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாத வகையும் விற்கிறது.

காய்ந்த பிறகு 400, 1000, 2000 என்று உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கோடு மங்கிவிடும். முழுக்க மறையாது. தாத்தாவின் கத்தியில் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி.

புது ஆணிக்கு 1.6 மில்லி பித்தளைக் கம்பி. துளைக்குள் அது தாராளமாக நுழைய வேண்டும். முக்கி முனகி இறங்கினால் துளையை ஒரு சுற்று அகலப்படுத்துங்கள். வாஷருக்கு மேல் இரு பக்கமும் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக நீட்டிக்கொண்டிருந்தால் போதும். சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, பக்கம் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஓங்கவே கூடாது, சுத்தியல் தன் எடையில் விழுந்தால் போதும். நாலு தட்டுக்கு ஒருமுறை அலகைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு லேசாகத் தடுக்கும்போது நிறுத்துங்கள். கை நடுங்கினால் சேலத்துக்கு இறங்கும்போது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் கொடுங்கள். வெள்ளியில் இதைவிடச் சின்னத் தலை தட்டுகிற கைகள் அங்கே இருக்கின்றன. செல்லுலாய்டு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஊதுகுழல் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கும்.

உங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்காக ஒன்று. அந்த அலகு எவர்சில்வராக இருக்க வாய்ப்பு குறைவு. பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு, ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துடைத்து, திறந்தபடி அரை மணி நேரம் வைத்து, பிறகு மடக்குங்கள். கொம்புப் பிடிக்கு மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். உங்கள் ஊர்க் குளிரில் உறைந்து ஆணிக்குள் உட்கார்ந்துகொள்ளும்.